பூஜ்யம் மூன்று முறை

வடபழஞ்சி, மூன்றாம் மாடி.
கோப்பைத் திறந்தேன்.
கர்னல் ஒரு எண்ணைக் கையில் கொடுத்தது: ஏழு.
இனி பெயர் வேண்டாம், பாதை வேண்டாம்,
ஏழு என்றால் போதும்.

அந்த ஏழைப் பிடித்துக்கொண்டே
அதன் அனுமதியைப் பிடுங்கினேன்:
பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்.
உடையவருக்கு இல்லை, குழுவுக்கு இல்லை,
ஊருக்கும் இல்லை.
பிறகு ஒரு வரி எழுதிப் பார்த்தேன்.
எழுதியது.

இன்னொரு ஜன்னலில் அதே கோப்பைத் திறக்கப் போனால்
அனுமதி மறுக்கப்பட்டது.
இரண்டும் சரி.
வாசலில்தான் கேட்பார்கள்.
உள்ளே வந்துவிட்டவரை
ஒவ்வொரு வாய்ச் சோற்றுக்கும் யார் நீ என்பதில்லை.

எங்கள் கருவிக்கு வேலை, கோப்பு முறைமைகளை நோகடிப்பது.
ஆயிரம் கோப்பைத் திற, பாதியில் பெயரை மாற்று,
மீதியை அழி, மின்சாரம் போனதாக நடி,
எழுந்து வந்ததும் எண்ணிப் பார்.
இத்தனை வருடம் அது அனுமதியைப்
பெயர் சொல்லித்தான் மாற்றிக்கொண்டிருந்தது.
பெயர் சொல்லி முடிப்பதற்குள்
அதே பெயரில் வேறொருவன் வந்து நிற்பான்.
எங்கள் தெருவில் இரண்டு அந்தோணிச்சாமி;
பில் கட்டியவர் வீட்டில்
பீஸைப் பிடுங்கிக்கொண்டு போனார் ஈ.பி.காரர்.
அன்று ராத்திரி முழுக்க
கட்டாதவர் வீட்டில் டி.வி. ஓடியது.

அதனால்தான் எண். அதனால்தான் ஏழு.

ஒன்பது நாற்பதுக்கு மெயில்.
அன்புள்ள பிரின்சி,
இன்று மாலை ஆறு மணியோடு.
மற்றவை வழக்கமான சொற்கள்.
மூன்று மணி நேரத்துக்கு முன்பே
என் அட்டை செத்துப்போயிருக்கிறது.
நான் மதியமே உள்ளே வந்துவிட்டேன்.

தண்ணீர் மெஷின் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம்.
கழிவறையும்.
தேனி ரோட்டில் டீக்கடை வெளிச்சம்,
அதற்குப் பின்னால்
நாகமலை இருட்டில் நீளமாகப் படுத்திருக்கிறது.
போடி ரயில் ஒன்று ஊதிவிட்டுப் போனது.
நான் நாற்காலியை விட்டு எழவில்லை.

ரவுண்ட்ஸ் வந்தார் பாக்கியநாதன்.
‘கணக்குல நீங்க இல்லையே மேடம், லைட் எரியுது.’
‘ஒரு டெஸ்ட் ஓடுது. இன்னும் அரை மணி நேரம்.’
‘ஓடட்டும். வெளிய போனா திரும்ப வர முடியாது,
தெரியும்ல?’
‘தெரியும்ணே. அதத்தான் எழுதிக்கிட்டிருக்கேன்.’
அவர் டார்ச்சைத் தட்டிப் பார்த்துக்கொண்டார்.

இருநூற்றுப் பதினொன்று தேறின.
ஒன்று விழுந்தது.
வலைவழியே தொலைவிலிருந்து வரும் கோப்பு முறைமை அது.
வாசலை நம்பாமல்
ஒவ்வொரு எழுத்துக்கும் நிமிர்ந்து கேட்கிறது.
அதையும் குறித்தேன்,
குற்றம் என்றில்லை, குணம் என்று.

மாற்றங்களை அனுப்பினேன். மறுத்துவிட்டது.
அது புது வாசல்.
மதியம் திறந்த கறுப்புத் திரை மட்டும்
இன்னும் என்னை அறியும்.
அதற்குள்ளேயே, சோதனை சர்வரின் மூலையில்,
எல்லோரும் படிக்கும்படி அனுமதி வைத்து
அந்தக் கோப்பை விட்டேன்.
நாளை ஹரிணியோ சுல்தானோ பார்ப்பார்கள்.
பார்க்காமலும் போகலாம்.

பிறகு ஏழை மூடினேன்.
பூஜ்யம் என்று பதில் வந்தது.
எங்கள் வழக்கில் அதற்கு
ஒரு குறையும் இல்லை என்று பொருள்.

கீழே பதிவேட்டில் என் வரி அப்படியே கிடந்தது.
உள்ளே: ஒன்று ஐந்து.
பக்கத்துக் கட்டம் காலி.
‘போட்டுட்டுப் போங்க’ என்றார் பாக்கியநாதன்.
பேனா எழுதவில்லை.
வாங்கி இரண்டு முறை உதறிக் கொடுத்தார்.
எழுதியது.